மனநலப் பேணல் திட்டம்: நலமாக இருக்கும்போதே எழுதி முடிக்க வேண்டிய 12 வார வேலை

மனம் சோர்ந்துபோன ஒருவரிடம் "உங்களுக்கு என்ன செய்தால் தேவலை?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் திறனைத்தான் சோர்வு முதலில் எடுத்துக்கொள்கிறது. அதனால் மனநோயைத் தடுக்கும் திட்டம் எதுவானாலும், மனம் ஓரளவு தெளிவாக இருக்கும் நாட்களிலேயே அதை எழுதி வைத்துவிட வேண்டும். அப்படியொரு திட்டத்தை ஒரு குறிப்பேட்டில் 12 வாரங்களில் எழுதி முடிக்கும் முறையை இங்கே தருகிறேன்.

ஒரு தன்னார்வக் குழுவில் பலருடன் உட்கார்ந்து இந்தக் குறிப்பேட்டை நிரப்பியிருக்கிறேன். அதற்கு முன் எனக்காகவும் ஒன்றை நிரப்பினேன். பாதியில் விட்டவர்கள் மன உறுதி போதாமல் விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தூக்கம் சரியாவதற்கு முன்பே கவலையைக் கையாளப் பழக முயன்றார்கள், அல்லது தம் நாள் எப்படிப் போகிறது என்று பார்க்காமலேயே ஐந்தாறு பழக்கங்களை ஒன்றாக மாற்றினார்கள். எனவே படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம்.

பரம்பரை, சிறுவயதுத் துன்பங்கள், வறுமை, வன்முறை போன்ற காரணங்கள் ஒரு தனிமனிதரின் குறிப்பேட்டுக்குள் அடங்குவதில்லை. இதையெல்லாம் செய்தால் மனநோயே வராது என்று யாரும் உறுதி தர முடியாது. வரும் வாய்ப்பைக் குறைப்பது, வந்தால் விரைவில் கண்டுகொள்வது, ஒருமுறை வந்து போனது திரும்பாமல் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றே இத்திட்டத்தின் எல்லை.

1. தொடங்கும் முன்: முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

சிலர் இந்தக் குறிப்பேட்டைத் தள்ளிவைத்துவிட்டு நேராக மருத்துவரிடம் செல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர்கள், பிறருக்குக் கேட்காத குரல்கள் தமக்குக் கேட்பவர்கள், பல இரவுகள் தூங்காமலேயே களைப்பின்றி அளவுமீறிய உற்சாகத்தில் இருப்பவர்கள், மகப்பேற்றுக்குப் பிந்தைய நாட்களில் குழப்பமோ விசித்திரமான நம்பிக்கைகளோ தோன்றும் தாய்மார்கள் ஆகியோருக்குத் தாமதம் ஆபத்தானது. அவர்களுக்கு வேண்டியது சிகிச்சை. தடுப்புத் திட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மனம் தாழ்ந்த நிலையோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்து, வேலையையோ உறவையோ பாதித்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அப்போது உடல் சார்ந்த காரணங்களையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவை மனச்சோர்வைப் போலவே தோற்றம் காட்டும். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் மனநிலையை மாற்றக்கூடியவை.

ஏற்கெனவே மனநல மருந்து எடுத்துக்கொள்பவர்கள் இத்திட்டத்தைத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் திட்டம் நன்றாகப் போகிறது என்பதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. மனச்சோர்வுக்கான மருந்தை, நலமடைந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வதே வழக்கம். ஏனெனில் ஒருமுறை மனச்சோர்வு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது மீண்டும் வரக்கூடும். நிறுத்துவதானாலும் மருத்துவர் சொல்லும் அளவில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு குறிப்பேடு, ஒரு பேனா, கைபேசி அல்லாத ஒரு அலாரக் கடிகாரம், நாளொன்றுக்கு சுமார் 20 நிமிடம், நம்பிக்கைக்குரிய ஒரு மனிதர். இவ்வளவு போதும்.

செயலியில் பதியாமல் காகிதத்தில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரவு 11 மணிக்கு மனநிலையைப் பதிவதற்காகக் கைபேசியைத் திறப்பவர் 12 மணிக்குத்தான் அதை மூடுகிறார். திட்டமே தூக்கத்தைத் தின்றுவிடுகிறது. அலாரத்தைக் கைபேசியிலிருந்து பிரிப்பதும் இதற்காகவே.

அந்த ஒரு மனிதரை இந்த வழிகாட்டியில் துணைவர் என்று குறிப்பிடுகிறேன். வாழ்க்கைத்துணையாக இருக்க வேண்டும் என்பதில்லை. சகோதரரோ நண்பரோ உடன் பணிபுரிபவரோ யாராகவும் இருக்கலாம். உங்களை வாரத்துக்கு ஒருமுறையாவது நேரில் பார்ப்பவராகவும், உங்களிடம் உண்மையைச் சொல்லத் தயங்காதவராகவும் இருந்தால் சரி. அவரை இப்போதே கேட்டுச் சம்மதம் பெறுங்கள். பத்தாவது வாரத்தில் அவருடைய உதவியில்லாமல் வேலை நடக்காது.

3. முதல் இரண்டு வாரம்: எதையும் மாற்றாமல் பதிவது

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மிகவும் கடினமான படி இதுதான். பழக்கங்களை உடனே திருத்தும் ஆர்வத்தில் பதிவதை விட்டுவிடுகிறார்கள். பிறகு எந்த மாற்றம் உதவியது, எது உதவவில்லை என்று சொல்ல அவர்களிடம் ஒப்பிட ஒன்றும் இருப்பதில்லை. முதல் 14 நாட்கள் வழக்கம்போல வாழுங்கள், எழுத மட்டும் செய்யுங்கள்.

நாளுக்கு ஒரு வரி போதும். என் பழைய குறிப்பேட்டின் ஒரு வரி இப்படி இருக்கிறது: "படுத்தது 11.20, தூங்கியது சுமார் 12.15; விழித்தது 5.50, எழுந்தது 7.30. மனநிலை 4. பதற்றம் 6. நடந்தது 5 நிமிடம். பேசியவர்கள்: வேலைக்காக 3, மற்றபடி யாருமில்லை." மனநிலைக்கும் பதற்றத்துக்கும் 0 முதல் 10 வரை எண் கொடுத்திருந்தேன். எழுதிய அன்று அந்த வரியில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தபோதுதான் "மற்றபடி யாருமில்லை" என்ற சொற்கள் தொடர்ந்து 11 நாட்கள் வந்திருந்தது தெரிந்தது. தூக்கம்தான் என் சிக்கல் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பலர் எண்ணுக்குப் பதிலாக "பரவாயில்லை", "சுமார்" என்று எழுதுகிறார்கள். நேற்றைய பரவாயில்லையையும் போன வாரப் பரவாயில்லையையும் ஒப்பிட வழியில்லை. எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் கவலையில்லை. அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே நமக்குத் தேவை.

14ஆம் நாள் ஒரு பொதுவான அளவீட்டையும் செய்துகொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்து கூற்றுகள் கொண்ட நலவாழ்வு அளவீடு இதற்குப் பொருத்தமானது. கடந்த இரண்டு வாரங்களை நினைத்து ஒவ்வொரு கூற்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பிட்டு, கூட்டுத்தொகையை நான்கால் பெருக்கினால் 100க்கு உங்கள் மதிப்பெண் கிடைக்கும். 50 அல்லது அதற்குக் கீழே வந்தால் மருத்துவரிடம் மேலும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலும் பரவலாகப் பயன்படுகிறது; அதில் மொத்தம் 27, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்ப்பது வழக்கம். அதன் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணத்தைக் கேட்கிறது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு "இல்லை" தவிர வேறு பதில் வந்தால் காத்திருக்காதீர்கள்.

மதிப்பெண்ணைப் பார்த்துத் தமக்குத் தாமே நோயின் பெயர் சூட்டிக்கொள்வது இந்தப் படியில் நடக்கும் இன்னொரு தவறு. இவ்வளவீடுகள் யார் மேலும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்று பிரித்துக் காட்டுபவை மட்டுமே.

4. மூன்றாம், நான்காம் வாரம்: எழும் நேரத்தை நிலைநிறுத்துவது

மாற்றங்களில் தூக்கம் முதலில் வருவதற்குக் காரணம், மற்ற எல்லாப் படிகளும் அதன் மேல் நிற்பதே. தூக்கம் குறைந்த மனம் சிறு சொல்லையும் பெரிதாக எடுத்துக்கொள்கிறது, திட்டமிடத் தடுமாறுகிறது, மனிதர்களைத் தவிர்க்கிறது. நீடித்த தூக்கமின்மை மனச்சோர்வின் அறிகுறி மட்டுமல்லாமல், பின்னால் அது வருவதற்கான வாய்ப்பைக் கூட்டும் காரணியும் ஆகும்.

தூக்கத்தைச் சரிசெய்ய நினைப்பவர்கள் வழக்கமாகப் படுக்கும் நேரத்தை முன்னே இழுக்கிறார்கள். அது பெரும்பாலும் தோற்கும், ஏனென்றால் தூக்கத்தை ஆணையிட்டு வரவழைக்க முடியாது. எழுவதை மட்டுமே நம்மால் தீர்மானிக்க முடியும். ஆகவே எழும் நேரத்தை மட்டும் நிலைநிறுத்துங்கள். இரவு எப்படிப் போயிருந்தாலும், விடுமுறை நாளானாலும், அதே நேரத்தில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் பகல் வெளிச்சத்தைக் கண்ணில் படவிடுங்கள். காலை வெளிச்சம் உடலின் உட்கடிகாரத்தைச் சரிசெய்கிறது. படுக்கும் நேரம் சில வாரங்களில் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

அடுத்து, படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். 9 மணி நேரம் படுக்கையில் கிடந்து 6 மணி நேரம் தூங்குபவருக்குப் படுக்கை என்பது மூன்று மணி நேரம் போராடும் இடமாக மூளையில் பதிந்துவிடுகிறது. சுமார் 20 நிமிடம் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத எதையாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பிப் படுங்கள். அந்த 20 நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து அளக்காதீர்கள். கடிகாரம் பார்ப்பதே தூக்கத்தைக் கலைக்கும்.

காஃபீன் உடலில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரமாகிறது. சிலருக்கு அதைவிட அதிகமாகும். எனவே காபி, தேநீரை நண்பகலுடன் முடித்துக்கொள்வது நல்லது. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் தேவை, பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம். இந்த எண்களை இலக்காக நினைத்து ஒவ்வோர் இரவும் கணக்குப் பார்ப்பவர்களுக்குக் கணக்கே புதுக் கவலையாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வாரச் சராசரியைப் பார்த்தால் போதும்.

இரவுப் பணியில் இருப்பவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் இந்த விதிகளை அப்படியே பின்பற்ற முடியாது. குழந்தை உள்ள வீட்டில் இரவைப் பெரியவர்கள் பங்கிட்டுக்கொண்டு, தாய்க்கு இடையறாத நாலைந்து மணி நேரத் தூக்கம் ஒருமுறையாவது கிடைக்கச் செய்வது எந்த அறிவுரையையும்விடப் பயன் தரும். இருமுனைப் பிறழ்வு (மனம் மிகையெழுச்சி எனும் அளவுமீறிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) உள்ளவர்கள் தூக்க நேரத்தைச் சுருக்கும் எந்த முறையையும் மருத்துவரைக் கேட்காமல் முயலக் கூடாது. தூக்கக் குறைவு அவர்களுக்கு மிகையெழுச்சியைத் தூண்டிவிடும்.

5. ஐந்தாம், ஆறாம் வாரம்: மனநிலைக்கு முன்பே செயல்

மனம் வந்தால் செய்யலாம் என்று காத்திருப்பது நலமாக இருப்பவருக்குப் பொருந்தும். மனம் தாழத் தொடங்கியவருக்கு அந்த வரிசை தலைகீழாகிறது: செய்யாததால் மகிழ்ச்சி குறைகிறது, மகிழ்ச்சி குறைந்ததால் இன்னும் குறைவாகச் செய்கிறார். இந்தச் சுழலைச் செயலின் முனையிலிருந்துதான் உடைக்க முடியும். செயலூக்க முறை என்று உளவியலாளர்கள் கையாளும் சிகிச்சையின் கருவும் இதுவே.

குறிப்பேட்டில் அடுத்த வாரத்துக்கான ஆறு செயல்களை நாள், நேரத்துடன் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் மகிழ்ச்சிக்கு ஓர் எண், நிறைவுக்கு ஓர் எண் கொடுங்கள். இரண்டையும் பிரித்துக் கேட்பது ஏனென்றால், கிடப்பில் இருந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலைக்கு மகிழ்ச்சி 1, நிறைவு 7 வரும். பிடித்த பாட்டைக் கேட்பதற்கு அது மாறி வரும். ஒருவர் பட்டியலில் கடமைகள் மட்டுமே இருந்தால் வாரம் முடியும்போது அவர் களைத்திருப்பார். கேளிக்கை மட்டுமே இருந்தால் குற்றவுணர்வு வரும்.

ஆறில் குறைந்தது மூன்று உடலை அசைப்பவையாக இருக்கட்டும். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடற்செயல்பாட்டை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து முதல் நாளே ஒரு மணி நேரம் ஓடிவிட்டு மூன்றாம் நாள் கால்வலியோடு நிறுத்துபவர்கள் எண்ணற்றவர்கள். பத்து நிமிட நடையில் தொடங்குங்கள். மிக மோசமான நாளிலும் செய்யக்கூடிய அளவு எதுவோ அதுவே உங்கள் தொடக்க அளவு.

6. ஏழாம் வாரம்: மனிதர்களின் பட்டியல்

ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பகுதியில், மனம்விட்டுப் பேசக்கூடியவர்கள். இரண்டாவதில், குழந்தையைப் பார்த்துக்கொள்வது, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது போன்ற கைவேலைக்கு உதவுபவர்கள். மூன்றாவதில், பாரத்தைப் பற்றிப் பேசாமலே கூட இருந்து சிரிக்கக்கூடியவர்கள். இம்மூன்றையும் ஒருவரிடமே எதிர்பார்ப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அந்த ஒருவர் சோர்ந்துபோகும் நாளில் எல்லாம் ஒன்றாக அறுந்துபோகிறது.

ஏதாவது ஒரு பகுதி காலியாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். அது தெரிந்ததே இந்த வாரத்தின் பயன். அந்த இடத்தை நிரப்புவதற்குப் பழைய உறவொன்றைப் புதுப்பிப்பதே புதிய நட்பைத் தேடுவதைவிட எளிது. "நெடுநாளாகப் பேசவில்லை, உன் நினைவு வந்தது, ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் அழைக்கட்டுமா?" என்ற அளவில் ஒரு செய்தி போதும். நாளும் நேர அளவும் குறிப்பிட்டிருப்பதால் எதிரில் இருப்பவரால் எளிதாகச் சம்மதிக்க முடிகிறது. "ஒருநாள் சந்திப்போம்" என்று எழுதப்பட்ட செய்திகளின் கதி நமக்குத் தெரிந்ததே.

7. எட்டாம் வாரம்: மதுவும் பிற போதைகளும்

இதில் சொல்ல வேண்டியது குறைவு, ஆனால் தவிர்க்க முடியாதது. மது தூக்கத்தை விரைவாக வரவழைத்தாலும் இரவின் பின்பாதியில் அதைக் கலைக்கிறது. மறுநாள் பதற்றத்தைக் கூட்டுகிறது. பதின்வயதில் கஞ்சா பயன்படுத்துவது, அதிலும் வீரியம் கூடியதைத் தொடர்ந்து பயன்படுத்துவது, மனச்சிதைவு வகை நோய்களின் (பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்பது போன்றவை) அபாயத்தை உயர்த்துகிறது. பதிவில் இவை இருந்தால், குடித்த நாளுக்கு மறுநாள் மனநிலை எண் என்னவாக இருந்தது என்று பாருங்கள். பிறர் சொல்லும் அறிவுரையைவிட அந்த எண் உறைக்கும்.

நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பும் உயிராபத்தும் நேரலாம். மருத்துவ மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.

8. ஒன்பதாம் வாரம்: கவலைக்கு ஒரு நேரம்

"கவலைப்படாதே" என்று சொல்லிக்கொள்வதாலோ நல்லதையே நினைக்க முயல்வதாலோ கவலை போவதில்லை. அடக்க முயலும் எண்ணம் திரும்பத் திரும்ப மேலே வருவது மனத்தின் இயல்பு. அதைத் துரத்துவதைவிடத் தள்ளிப்போடுவது எளிது. மாலையில், படுக்கும் நேரத்திலிருந்து நன்கு விலகிய ஓர் இருபது நிமிடத்தைக் கவலைக்கென்று ஒதுக்குங்கள். பகலில் வரும் ஒவ்வொரு கவலையையும் ஒரு சொல்லில் குறித்துவிட்டு, அந்த நேரம் வரும்வரை ஒத்திவையுங்கள்.

அந்த நேரத்தில் குறித்தவற்றை இரண்டாகப் பிரியுங்கள். என்னால் ஏதாவது செய்யக்கூடியவை ஒருபுறம், எதுவும் செய்ய இயலாதவை மறுபுறம். முதல் வகைக்கு அடுத்த சிறு செயலை எழுதுங்கள்: யாரை, எப்போது, எதற்காக அழைப்பது என்ற அளவுக்கு. இரண்டாவது வகையை வாசித்துவிட்டு விட்டுவிடுங்கள். காலையில் மலை போல நின்ற பல கவலைகள் மாலையில் படிக்கும்போது சுவையற்றுப் போயிருக்கும். அதைக் கண்ணால் பார்ப்பதுதான் இந்தப் பயிற்சியின் பாதிப் பயன்.

9. பத்தாம், பதினொன்றாம் வாரம்: முன்னறிகுறிப் பக்கம்

இதுவரை செய்ததெல்லாம் இந்தப் பக்கத்தை எழுதுவதற்கான ஆயத்தம் என்றே சொல்வேன். மனநிலைச் சரிவு பெரும்பாலும் ஒரே நாளில் வருவதில்லை. அதற்கு முன் சில வாரங்கள் சிறுசிறு மாற்றங்கள் தென்படும்; அவை ஒவ்வொருவருக்கும் வெவ்வேறானவை, ஆனால் ஒருவருக்கு ஒருமுறை வந்தவை அடுத்த முறையும் பெரும்பாலும் அதே போல வரும். அவற்றை அறிந்துகொண்டால் சரிவின் தொடக்கத்திலேயே கை வைக்க முடியும்.

"மனச்சோர்வாக உணர்வது", "நம்பிக்கை இழப்பது" என்று எழுதிய பக்கங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவை பிந்திய அறிகுறிகள்; அந்த நிலையில் குறிப்பேட்டைத் திறக்கவே மனம் வராது. வெளியிலிருந்து வேறொருவர் பார்த்தாலும் தெரியக்கூடிய செயல்களாக எழுதுங்கள். என் பக்கத்தில் முதல் வரி: "தெரிந்தவர்களின் அழைப்பை எடுக்காமல் அணையும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்." இரண்டாவது: "துவைத்த துணி மடிக்கப்படாமல் நாற்காலியிலேயே மூன்று நாள் கிடக்கும்." மூன்றாவதை என்னால் எழுதியிருக்கவே முடியாது, அதை என் துணைவர் சொன்னார்: "கேள்வி கேட்டால் பதிலுக்கு முன் ஒரு பெருமூச்சு வரும்." எனக்கு இன்றுவரை அந்தப் பெருமூச்சு கேட்டதில்லை.

இதனால்தான் துணைவரை இரண்டாம் படியிலேயே பிடித்து வைக்கச் சொன்னேன். அவரிடம், "நான் சரியில்லாமல் போவதை நீங்கள் எதை வைத்துக் கண்டுகொள்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது மறுத்துப் பேசாமல் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மறுத்தால் அடுத்ததை அவர் சொல்ல மாட்டார்.

பிறகு ஒவ்வோர் அறிகுறிக்கும் எதிரே ஒரு செயலை எழுதுங்கள். ஓர் அறிகுறி ஒரு வாரம் நீடித்தால், எழும் நேரத்தையும் நடையையும் மீண்டும் கண்டிப்பாக்குவது. இரண்டு அறிகுறிகள் சேர்ந்தால், அன்றே துணைவரிடம் சொல்வது. மூன்று சேர்ந்தாலோ இரண்டு வாரம் தாண்டினாலோ, மருத்துவரிடம் நேரம் வாங்குவது. முடிவை அன்றைய மனநிலையிடம் விடாமல் எண்ணிக்கையிடம் ஒப்படைப்பதே இதன் நோக்கம். சரிவில் இருக்கும் மனம் எப்போதும் "இன்னும் நாலு நாள் பார்க்கலாம்" என்றே சொல்லும்.

துணைவர் அதை உங்களிடம் எந்தச் சொற்களில் நினைவூட்ட வேண்டும் என்பதையும் இருவரும் பேசி வையுங்கள். "மறுபடி ஆரம்பித்துவிட்டாயா?" என்ற கேள்வி ஒரு நல்ல திட்டத்தைக் கெடுத்துவிடும். "பக்கத்தைப் பார்ப்போமா?" என்பது எங்களுக்குள் ஒத்துவந்தது.

10. அதே வாரங்களில்: நெருக்கடிப் பக்கம்

தற்கொலை எண்ணம் இதுவரை வந்ததே இல்லை என்பவர்களும் இந்தப் பக்கத்தை எழுத வேண்டும். தேவைப்படும் நாளில் எழுத இயலாது. வரிசை இது: நெருக்கடி நெருங்குவதைக் காட்டும் அடையாளங்கள், தனியாகச் செய்து மனத்தைத் திருப்பக்கூடியவை, கவனத்தை மாற்ற உதவும் மனிதர்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவர், அவசர உதவி எண், வீட்டை ஆபத்தற்றதாக்கும் ஏற்பாடு. ஒன்று பலிக்காவிட்டால் அடுத்ததற்குப் போக வேண்டும். ஆபத்து உடனடியானது என்றால் நேராக அவசர உதவிக்குப் போக வேண்டும். எண்களை நீங்கள் வாழும் இடத்துக்கு ஏற்ப இன்றே விசாரித்து, ஒருமுறை சரிபார்த்து எழுதுங்கள்.

கடைசி வரியைத்தான் பலர் காலியாக விடுகிறார்கள். தற்கொலை உந்துதலின் உச்சம் பலருக்குக் குறுகிய நேரமே நீடிக்கிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் இல்லாமலிருப்பது உயிரைக் காக்கிறது. இலங்கையில் கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு, 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை இறப்பு வீதம் அடுத்த 20 ஆண்டுகளில் சுமார் 70 விழுக்காடு குறைந்தது. வீட்டளவிலும் அதே தத்துவம்தான்: தேங்கிக் கிடக்கும் மாத்திரைகளையும் பூச்சி மருந்தையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள் அல்லது வேறொருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள்.

துணைவருக்கு ஒரு குறிப்பு. சந்தேகம் வந்தால் நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பரவலானது, ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. பலருக்கு அந்தக் கேள்வி ஆறுதலாகவே இருக்கிறது. ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல் உதவிக்கு அழையுங்கள்.

11. பிள்ளைகளுக்காகவும் மற்றவர்களுக்காகவும் செய்யும்போது

மனநோய்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பும், ஏறக்குறைய பாதி 18 வயதுக்கு முன்பும் தொடங்குகின்றன. ஆகவே வீட்டில் பதின்வயதினர் இருந்தால் திட்டத்தைப் பெரியவர்களோடு நிறுத்தக் கூடாது. ஆனால் குறிப்பேட்டை அவர்கள் கையில் திணித்து எண்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் அது கண்காணிப்பாகிவிடும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே எழும் நேரம், படுக்கையறைக்கு வெளியே கைபேசிகள், நாளில் ஒருவேளை சேர்ந்து உண்பது என்று வீட்டின் ஒழுங்கை மாற்றுங்கள். பேச்சு தானாக வரும். எதிரெதிரே உட்கார்ந்து கேட்பதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டே கேட்டால் கூடுதலாக வரும்.

மகப்பேற்றுக்குப் பின் சில நாட்கள் அழுகையும் மனத் தளும்பலும் இயல்பானவை. அவை சுமார் இரண்டு வாரங்களில் தணிய வேண்டும். தணியாவிட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

விபத்தையோ பேரிழப்பையோ சந்தித்தவரை நடந்ததையெல்லாம் உடனே விவரிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் நடந்ததை ஒரே அமர்வில் விவரிக்க வைக்கும் அப்படிப்பட்ட உரையாடலைப் பரிந்துரைப்பதில்லை. பாதுகாப்பு, உணவு, தூக்கம், உறவினரோடு தொடர்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொடுத்து, அவர் பேச விரும்பினால் கேளுங்கள்.

12. பன்னிரண்டாம் வாரம்: மறுஅளவும் நகல்களும்

ஐந்து கூற்று அளவீட்டை மீண்டும் செய்து, 14ஆம் நாள் மதிப்பெண்ணுடன் ஒப்பிடுங்கள். 100க்கு 10 புள்ளிகள் வேறுபட்டால்தான் அதைக் குறிப்பிடத்தக்க மாற்றமாகக் கொள்வது வழக்கம். 4 புள்ளி ஏறியதற்குக் கொண்டாட்டமும் வேண்டாம், 4 புள்ளி இறங்கியதற்குக் கலக்கமும் வேண்டாம். 10 புள்ளிக்கு மேல் இறங்கியிருந்தால், எல்லாப் படிகளையும் ஒழுங்காகச் செய்திருந்தாலும், குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். 12 வாரப் பதிவு கையில் இருப்பவருக்குக் "கொஞ்ச நாளாக மனசு சரியில்லை" என்று தொடங்க வேண்டியதில்லை. பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் போதும்.

தினப் பதிவை இத்துடன் நிறுத்திவிடலாம். வாழ்நாள் முழுக்க எண் எழுதிக்கொண்டிருப்பது சிலரைத் தம் மனத்தையே ஓயாமல் முகர்ந்து பார்ப்பவர்களாக்கிவிடுகிறது. எழும் நேரம், நடை, மனிதர்கள் ஆகிய மூன்றையும் தொடருங்கள். வாரம் ஒருநாள் முன்னறிகுறிப் பக்கத்தை மட்டும் ஒரு நிமிடம் பாருங்கள்.

முன்னறிகுறிப் பக்கத்துக்கும் நெருக்கடிப் பக்கத்துக்கும் இரண்டு நகல்கள் எடுங்கள். ஒன்றைத் துணைவரிடம் கையில் கொடுங்கள். இன்னொன்றை இருட்டில் தேடினாலும் கிடைக்கும் இடத்தில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து வரும் ஒரு தேதியை மறுபார்வைக்கு இருவரும் சேர்ந்து குறியுங்கள். அன்று முதலில் சரிபார்க்க வேண்டியது மதிப்பெண்ணை அல்ல, நெருக்கடிப் பக்கத்தில் உள்ள தொலைபேசி எண்களை.